தடம் தெரியாமக் கழட்டறவன்

கொடுமுடிக்கு இன்னும் எவ்வளவு நேரமாகுமுங்ணா? ஒரு மணி நேரமா? ஆவட்டுமுங்க, மெதுவாவே போகட்டும். அவசரமெல்லாம் இல்ல. அவசரம் இல்லைன்னு சொன்னா அதுவும் பொய்தான், அங்க ஆத்தங்கரையில ஐயரு எனக்காகக் காத்துட்டு உக்காந்திருக்காரு. ஆனா இந்த பஸ்ஸு வழியில எங்காச்சும் பஞ்சராகி நின்னுச்சுன்னா நான் ஒண்ணும் சண்டைக்குப் போக மாட்டேன்.

ஆமாங்ணா, காரியத்துக்குத்தான் போறேன். ஒறம்பரை, சொந்தமெல்லாம் இல்லீங்க. செத்தவருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. செத்தவருங்கறேன் பாருங்க! வாய் எப்படித் தானாச் சொல்லுது பாருங்க. அவரு செத்தாரா இல்லையான்னே யாருக்கும் தெரியாதுங்ணா. நல்லசிவம்னு பேரு. ஏழு வருசத்துக்கு முந்தி, முடி வெட்டிட்டு வர்றேன்னு தோள்ல துண்டைப் போட்டுட்டுப் போனவரு, இன்னும் வரல. தறியில வேலை. மனசு கொஞ்சம் செரியில்லாம இருந்து மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தாரு. அக்கா ஒருத்தங்கதான் அவருக்கு, சாந்தாமணின்னு. அவங்கதான் இன்னைக்குக் காரியம் பண்றாங்க.

எனக்கு அவங்க எப்படிப் பழக்கமா? என்ற தொழில் வழியாத்தான். ஈரோட்டுல வெப்சைட் பண்ணிக் குடுக்கறேனுங்க. ஜவுளிக்கடை, மஞ்ச மண்டி, பள்ளிக்கூடம்னு நம்ம கையில நெறைய இருக்குது. ரகுபதின்னு கேட்டீங்கன்னா பெருந்துறை ரோட்டுல சொல்லுவாங்க. புதுசா கட்டறதை விட, மத்தவன் கட்டிக் கெடுத்து வெச்சதைச் செரி பண்றதுதான் எனக்குப் பேரு வாங்கிக் குடுத்தது.

உங்களுக்கு வெளங்கற மாதிரி சொல்றேன். வெப்சைட்டுன்னா ஒரு வீடுன்னு வெச்சுக்கோங்க. வெறும் வீட்டை வெச்சு என்ன பண்ண? ஃபேன் வேணும், ஏசி வேணும். அந்த மாதிரி வெப்சைட்டுல சேத்து மாட்டிக்கறதுக்குப் பேரு ப்ளக்‌இன். படம் காட்ட ஒண்ணு, வர்றவங்க எழுதிப் போடற ஃபாரத்துக்கு ஒண்ணு, எல்லாத்துக்கும் நகல் எடுத்து வெக்க ஒண்ணு. மாட்டறது சுலபமுங்ணா, ஒரு அமுக்கு அமுக்குனா மாட்டிக்கும், எந்தப் பொடியனும் மாட்டுவான். கழட்டறதுலதான் இருக்குது சோலி. ஏசியைக் கழட்டிட்டுப் போயிருவான், செவுத்துல ஓட்டை நிக்கும், ஒயரு தொங்கும், பைப்பு நீட்டிட்டு இருக்கும். வெப்சைட்டும் அப்படித்தான். ப்ளக்‌இன்னை எடுத்தாலும் அது சேத்து வெச்ச குப்பையெல்லாம் உள்ள அப்படியே கெடக்கும். நாள் போகப் போக வீடு குப்பைமேடாயிரும், பக்கம் தொறக்கறதுக்குள்ள விடிஞ்சிரும்.

நான் கழட்டுனா அப்படி இருக்காதுங்ணா. தடம் தெரியாது. ஒரு ப்ளக்‌இன் அங்க இருந்துச்சுன்னு யாராலயும் கண்டுபுடிக்க முடியாது. பெருமைக்குச் சொல்லல. எங்க தொழில்காரங்க கூட்டத்துல என்னைய மேடை ஏத்தி இதைப் பத்திப் பேசவே சொன்னாங்க. நானும் பேசுனேன். ‘மொதல்ல நகல் எடு. அப்புறம் ஆஃப் பண்ணி ஒரு வாரம் சும்மா வெய்யி. யாரும் கத்தலைன்னா அப்புறம் அழி’ன்னேன். கைதட்டுனாங்க. அத்தனை பேரும் அதைப் போன்ல படம் புடிச்சாங்க.

செரி, அதை விடுங்க.

சாந்தாமணியக்கா ஒரு ஹாஸ்டல்ல சமையலுக்கு இருக்காங்க. அவங்க பக்கத்து வீட்டுப் பையன் எவனோ காலேஜ்ல படிக்கறப்ப, நல்லசிவத்துக்காக ஒரு வெப்சைட் பண்ணிக் குடுத்துட்டான். போட்டோ, புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும்னு அடையாளம், கீழ ‘இவரைப் பார்த்தீர்களா’ன்னு ஒரு ஃபாரம். நாய்க்கெல்லாம் பிஸ்கட் போடுவாருன்னு கூட எழுதியிருந்துச்சு. பையன் வேலைக்குன்னு பெங்களூர் போயிட்டான். வெப்சைட் அநாதையா கெடந்துச்சு. அக்கா என்னையத் தேடி வந்தாங்க. ‘எவ்வளவு ஆகும் தம்பி’ன்னாங்க. நான் ஒண்ணும் வேண்டாம்னுட்டேன். பைசா வாங்கலீங்ணா. அதைத் தெளிவாச் சொல்லிடறேன். ரெண்டு வருசமா, ஒத்தப் பைசா வாங்காமத்தான் பாத்துட்டு இருந்தேன்.

அவங்களுக்கு அந்த ஃபாரத்தைத் தொறந்து பாக்கத் தெரியாது. ஞாயித்துக்கெழமையானா போன் பண்ணுவாங்க. ‘தம்பி, ஏதாச்சும் வந்துச்சுங்களா?’ன்னு. நான் பாத்துச் சொல்லுவேன். வர்றதெல்லாம் என்னன்னு நெனைக்கறீங்க? லோன் வேணுமான்னு ஒருத்தன், தலைமுடி வளரும்னு ஒருத்தன். ஒரு தடவை உருப்படியா ஒண்ணு வந்துச்சு. திருச்செந்தூர்க் கோயில் வாசல்ல பாத்தேன்னு ஒரு மனுசன் எழுதியிருந்தாரு. அக்கா தூக்குப்போசியில புளிசாதத்தைக் கட்டிக்கிட்டு அன்னைக்கே பஸ் ஏறிட்டாங்க. போய்ப் பாத்தா வேற ஆளு. ‘என்னக்கா பண்ணுனீங்க’ன்னு கேட்டேன். ‘அவரும் பசியாத்தான் தம்பி உக்காந்திருந்தாரு, சோத்தை அவருக்கே போட்டுட்டு வந்துட்டேன்’னாங்க. அப்படியாப்பட்ட பொம்பளைங்ணா.

என்னங்ணா, சோலார் ஸ்டாப்பு தாண்டிட்டமா? வெயிலு இந்தப் பக்கம் அடிக்குது, துண்டைப் போட்டுக்கோங்க.

போன தீவாளிக்கு முந்தி எனக்கு மூச்சு விட நேரமில்ல. ஜவுளிக்கடைக்காரங்க அத்தனை பேரும் ஒரே நேரத்துல கழுத்துல உக்காந்துட்டாங்க. தள்ளுபடி போடு, படத்தை மாத்துன்னு. அந்த நேரத்துல அக்கா ஞாயித்துக்கெழமை கூப்பிடுவாங்க. நான் ஃபாரத்தைத் தொறக்காமயே ‘இல்லீங்க்கா’ம்பேன். வெறும் லோன் விளம்பரந்தானே வரும்? ரெண்டு மூணு வாரம் அப்படி. தப்புத்தான், தப்புத்தான். ஆனா நீங்களே சொல்லுங்க, எத்தனை தடவை அந்த லோன்காரனைப் படிக்கறது?

அப்புறம் அக்காவே கூப்பிட்டுச் சொன்னாங்க, ‘தம்பி, நல்லசிவத்தோட பக்கம் தொறக்கவே மாட்டேங்குது, சுத்திக்கிட்டே நிக்குது’ன்னு. செரி, தீவாளி முடிஞ்சுதுன்னு ஒரு நாள் காலையில உக்காந்தேன். பாத்தா அந்தப் பையன் இருக்கற ப்ளக்‌இன் எல்லாத்தையும் மாட்டி வெச்சிருக்கான். பனி கொட்டற மாதிரி காட்டறதுக்கு ஒரு ப்ளக்‌இன்! காணாமப் போனவரு பக்கத்துல பனி எதுக்குடா? எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். இதுதான் நம்ம வேலை, ஒரே மூச்சுல சுத்தம் பண்ணிருவோம்னு எறங்கிட்டேன்.

எதை மொதல்ல எடுத்தேன் தெரியுங்களா? எதுக்கு எடை அதிகமோ அதை. நகல் எடுக்கற ப்ளக்‌இன்னுங்ணா. அதுதான் உள்ள மலை மாதிரி நகலாச் சேத்து வெச்சிருந்துச்சு. பாதி எடம் அதுக்கே. கழட்டுனேன். நகலையும் சேத்து அழிக்கட்டுமான்னு கேட்டுச்சு. அழின்னேன். பக்கம் சல்லுனு தொறந்துச்சு! ஆஹான்னு இருந்துச்சு எனக்கு. பனியை எடுத்தேன். பாட்டுப் பாடற ஒண்ணை எடுத்தேன். அப்புறம் அந்த ஃபாரம். அது பழசு, செஞ்சவனே கைவிட்டுட்டான், அதை வெச்சிருந்தா எவனாச்சும் உள்ள பூந்துருவான். எடுத்துட்டுப் புதுசு மாட்டறதுதான் முறை. அதுல எந்தத் தப்பும் இல்லீங்ணா, எவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான்.

ஆஃப் பண்ணுனேன். டெலீட் கொடுத்தேன். கேட்டுச்சு. ‘சேகரித்த தகவல்களையும் அழிக்கவா’ன்னு ஒரு சின்னக் கட்டம். என்ற கை அதுல டிக் போட்டுச்சு. நான் போடலீங்ணா, கை போட்டுச்சு. பத்து வருசமா அந்தக் கட்டத்தை விட்டதே இல்ல நான். அதை விட்டாத்தானே குப்பை நிக்கும்? அமுக்கிட்டேன். அமுக்குற நேரத்துல ஓரமாப் பாக்கறேன். ஃபாரம்னு எழுதியிருக்கறதுக்குப் பக்கத்துல ஒரு செவப்பு வட்டம். உள்ள மூணுன்னு இருக்குது. படிக்காம மூணு இருக்குதுன்னு அர்த்தம். பாத்தேன், அடுத்த நொடியே வட்டத்தைக் காணோம். ஃபாரத்தையும் காணோம். தடம் தெரியல.

அந்த நாற்காலியிலயே உக்காந்திருந்தேன்.

ஒண்ணும் பண்ண முடியாதாங்கறீங்களா? பண்ணாம இருப்பனா? வெப்சைட்டுக்கு எடம் வாடகைக்குக் குடுக்கற சர்வர்காரனுக்கு எழுதுனேன். அவன்கிட்ட வெலை கம்மியா எடம் வாங்கியிருந்துச்சு, நகலெல்லாம் வெக்க மாட்டோம்னுட்டான். நகல் வெச்சிருந்த ஒரே ப்ளக்‌இன்னை நானே காலையில கழட்டியாச்சு. அந்தப் பெங்களூர் பையனைப் புடிச்சுக் கேட்டேன். அவன் ‘என்ன ப்ரோ, பேக்கப் எடுக்காமயா பண்ணுனீங்க?’ங்கறான். பனி கொட்ட வெச்ச நாயி என்னையப் பாத்துக் கேக்குது! சிரிக்காதீங்ணா. எனக்கு அன்னைக்கு அழுகையே வந்துருச்சு.

இதே ஜவுளிக்கடை வேலையா இருந்தா நான் இப்படிப் பண்ணியிருக்க மாட்டேன். நகல் எடுத்து, ஒரு வாரம் ஆஃப்ல வெச்சு, எல்லாம் முறையாப் பண்ணியிருப்பேன். சும்மா பண்ற வேலைதானே, சட்டுபுட்டுனு... இல்ல, அப்படி நெனைக்கல. அப்படி நெனைச்சுப் பண்ணலீங்ணா. அவசரம், அவ்வளவுதான்.

அந்த மூணும் லோன்காரனா இருக்கலாம். இருக்கலாம்ல? மூணுமே தலைமுடி எண்ணெயா இருக்கலாம். நான் அப்படித்தான் மனசைத் தேத்திக்கறேன். ஆனா திருச்செந்தூர்க்காரரு எழுதுனப்பவும் அதே செவப்பு வட்டந்தான் வந்துச்சு. வட்டத்தைப் பாத்து லோனா ஆளான்னு எவனும் சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிறு அக்கா போன் பண்ணுனாங்க. ‘ஏதாச்சும் வந்துச்சுங்களா தம்பி?’ நான் புது ஃபாரம் மாட்டியிருந்தேன். அதுல ஒண்ணும் வரல. ‘இல்லீங்க்கா’ன்னேன். இதுல பொய் எங்க இருக்குது? புதுசுல வரலைதானே? அதுக்கடுத்த ஞாயிறும் அதேதான் சொன்னேன். சொல்லிரலாம் சொல்லிரலாம்னு ஒவ்வொரு தடவையும் நெனைப்பேன். அவங்க குரலைக் கேட்டதும் வேற பேச்சுக்குப் போயிருவேன். எப்படிங்ணா சொல்றது? உங்க தம்பியைப் பாத்தேன்னு மூணு பேர் எழுதியிருக்கலாம், நான் படிக்காம அழிச்சுட்டேன்னா? அந்தம்மா தாங்குமா? அவங்க நல்லதுக்குத்தான் சொல்லாம இருந்தேன்.

தையில அவங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை அமைஞ்சுது. நல்ல எடம். மாப்பிள்ளை வீட்டுல ஒண்ணே ஒண்ணு கேட்டிருக்காங்க. ‘தாய்மாமன் சீர் யாரு செய்யறது? மாமன் இருக்காரா இல்லையா, ஒரு முடிவு சொல்லுங்க’ன்னு. நம்ம பக்கம் மாமன் இல்லாமக் கல்யாணம் நடக்குமுங்களா? இருக்கறாருன்னா கொண்டாந்து நிறுத்தோணும். இல்லைன்னா காரியத்தை முடிச்சுட்டு, வேற ஒருத்தரை மாமன் ஸ்தானத்துல வெக்கோணும். ரெண்டுங்கெட்டானா விட முடியாது.

அக்கா அன்னைக்கு ஞாயிறு கூட இல்ல, வியாழக்கெழமை கூப்பிட்டாங்க. ‘தம்பி, நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க. இத்தனை மாசத்துல ஒருத்தராச்சும் எழுதுனாங்களா? ஒருத்தரு போதும் தம்பி. ஒரே ஒருத்தரு எழுதியிருந்தாக்கூட நான் இந்தக் கல்யாணத்தைத் தள்ளி வெச்சுட்டுத் தேடப் போயிருவேன்’னாங்க.

நான் என்ன சொன்னேன்னு கேக்காதீங்ணா.

இல்லீங்க்கான்னேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சற சத்தம். ‘செரி தம்பி. உசுரோட இருந்தா இத்தனை பேரு நடமாடற ஊருல ஒருத்தரு கண்ணுலயாச்சும் பட்டிருப்பான். அவன் இல்ல தம்பி. எனக்குத்தான் புத்தி வரல’ன்னாங்க. எங்கிட்ட மன்னிப்பு வேற கேட்டாங்க. ‘வாராவாரம் உங்களைத் தொந்தரவு பண்ணிட்டேன்’னு.

அதான் இன்னைக்குக் கொடுமுடியில காரியம். ஆளு கெடைக்காததால தர்ப்பையில ஆளு மாதிரி கட்டி, அதைக் கொளுத்தி, ஆத்துல கரைப்பாங்களாம். எனக்குத் தெரியாது, அக்காதான் சொன்னாங்க. நான் எதுக்குப் போறேன்னு கேக்கறீங்க. போகாம இருந்திருக்கலாந்தான். அவங்க கூப்பிட்டாங்கண்ணா. ‘பங்காளிக யாரும் வரமாட்டேன்னுட்டாங்க. எங்க வீட்டுக்காரரு மச்சான் முறை, அவரு பண்ணக் கூடாதாம். ரெண்டு வருசமா அவனுக்காக ஒழைச்சது நீங்க ஒருத்தருதான் தம்பி. கூடப் பொறந்தவன் மாதிரி. நீங்களே அவனுக்கு எள்ளுந் தண்ணியும் விட்டுருங்க’ன்னாங்க.

செரிங்க்கான்னு சொல்லிட்டேன். வாய் அப்படித்தானுங்ணா எனக்கு. அவங்ககிட்ட எல்லாத்துக்கும் இல்லீங்க்காவும் செரிங்க்காவுந்தான் வருது.

ஏனுங்ணா அப்படிப் பாக்கறீங்க? சொல்லத்தான் போறேன். சொல்லாம விட்டுருவனா? காரியம் முடியட்டும், சாப்பாடு முடியட்டும், கல்யாணமும் நல்லபடியா நடக்கட்டும். அப்புறம் ஒரு நாளைக்கு சாவகாசமா உக்காந்து பக்குவமாச் சொன்னா அவங்களும் புரிஞ்சுக்குவாங்க. இப்பச் சொன்னா அந்தப் பொண்ணு கல்யாணம் நின்னுரும். ஒரு பொண்ணு வாழ்க்கையுங்ணா. நான் அதையும் பாக்கோணுமில்ல?

அவரு திரும்பி வந்தா என்னன்னா கேக்கறீங்க? வந்தா... வந்தா சந்தோசந்தானே.

என்ன, உங்க வீட்டுலயும் அப்படி ஒருத்தரா? ஐயோ. மன்னிச்சுருங்ணா. எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வாயே தொறந்திருக்க மாட்டேன். எத்தனை வருசம்? வந்தாரா? வந்துட்டாரா! தாடியோடவா? அவரு போட்டோவுக்கு மாலை போட்டிருந்தீங்களா அப்ப? அவரே அதைப் பாத்தாரா?

இல்லீங்ணா, போன்ல வேண்டாம். இதைப் போய் போன்ல சொல்றதா? நேர்ல சொல்றதுதான் மரியாதை. அதுவும் இந்த வண்டிச் சத்தத்துல ஒண்ணுங் கேக்காது. சிக்னல் வேற... ஊஞ்சலூர் வந்துருச்சா அதுக்குள்ள? அடுத்தது கொடுமுடிதான், அப்ப நேரமே இல்லீங்களே. அங்க போய்ட்டா ஐயரு உக்காத்தி வெச்சு மந்திரம் சொல்ல ஆரம்பிச்சுருவாரு. அப்புறம் எந்த எடத்துல நிறுத்தி நான் இதைச் சொல்றது?

செரி. செரிங்ணா. பண்றேன். நீங்க எந்திரிச்சுப் போயிராதீங்க. அடிக்குது... எடுக்காம இருந்தா நல்லாருக்கும்...

அக்கா, நான்தானுங்க்கா, ரகுபதி. வந்துட்டே இருக்கேன், ஊஞ்சலூர் தாண்டியாச்சு. ஐயரு வந்துட்டாரா? கட்டியாச்சா? அக்கா, அதைக் கொளுத்த வேண்டாமுங்க்கா. ஒரு நிமிசம் நான் சொல்றதைக் கேளுங்க. நிறுத்தச் சொல்லுங்க ஐயரை. எழுதியிருந்தாங்க்கா. ஆமா. உங்க தம்பி வெப்சைட்டுல. மூணு பேரு எழுதியிருந்தாங்க. நான்தான் உங்ககிட்டச் சொல்லல. நான்தான்... அக்கா? அக்கா, லைன்ல இருக்கீங்களா?

அண்ணா, திட்டவே மாட்டேங்கறாங்க. சிரிக்கறாங்கண்ணா. சிரிச்சுட்டே அழுவறாங்க. ‘சாமி நிறுத்துங்க, என் தம்பி இருக்கான், மூணு பேரு பாத்திருக்காங்க’ன்னு அங்க எல்லாத்துகிட்டயும் கத்தறாங்க. நான் சொன்னதுல பாதியைத்தான் காதுல வாங்குனாங்க.

ஆமாங்க்கா, இருக்கேன். சொல்லுங்க்கா.

என்ன எழுதியிருந்தாங்கன்னு கேக்கறாங்கண்ணா. எந்த ஊருல பாத்தாங்கன்னு கேக்கறாங்க, இப்பவே பஸ் ஏறணுமாம். நான் என்னங்ணா சொல்லட்டும்?